கேளுங்க, சொல்றோம்: பரணில் கிடக்கும் லேப்டாப்பில் ஒரு வெப் சர்வர்

போன இதழில் லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குச் சேலம் பக்கமிருந்து இவ்வளவு கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: வீட்டிலேயே ஒரு வெப் சர்வர் வைப்பது எப்படி, வைத்தால் ஏன் வேலை செய்யமாட்டேன் என்கிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரி தமிழ் எழுத்திலேயே தருகிறேன், டெர்மினலில் (கட்டளை அடிக்கிற திரை) நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் அடித்தால் லினக்ஸ் கண்டுகொள்ளாது.

*

சார், எனக்கு அம்மாப்பேட்டை. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப் பரணில் கிடக்கிறது. அதில் லினக்ஸ் போட்டு வெப் சர்வர் ஓட்ட முடியுமா? அப்பாச்சி நல்லதா, என்ஜின்எக்ஸ் நல்லதா? யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

தாராளமாக ஓட்டலாம் தம்பி. வெப் சர்வர் என்றதும் ஏசி அறையில் அடுக்கி வைத்த கருப்புப் பெட்டிகள் ஞாபகம் வருவதால்தான் பலருக்குத் தயக்கம். உண்மையில் அது ஒரு சின்ன புரோகிராம். 80 என்ற எண்ணுள்ள போர்ட்டில் (நெட்வொர்க்கிலிருந்து மெஷினுக்குள் வருகிற வாசல்) காது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பிரவுசர் வந்து இந்தக் கோப்பைக் கொடு என்றால் எடுத்துக் கொடுக்கும், இல்லாவிட்டால் 404 என்று சொல்லி அனுப்பிவிடும். கோப்பு மட்டும் கொடுக்கிற சர்வருக்கு சில எம்பி ராம் போதும், உங்கள் லேப்டாப்பில் 2 ஜிபி இருந்தாலே அதிகம்.

2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆரம்பத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அது சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஏற்கெனவே லினக்ஸ் இருக்கிறதே என்று அதிலேயே ஆரம்பித்துவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பதிப்புக்கு இப்போது பாதுகாப்பு அப்டேட் வராது. அக்காவின் போட்டோ, புராஜெக்ட் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு (அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு!) புதிய டெபியனைப் போடுங்கள். நிறுவும்போது டெஸ்க்டாப் வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றால் கருப்புத் திரை மட்டும்தான் வரும், சர்வருக்கு அதுதான் லேசு. திரையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுங்கள், பழைய மெஷினிலும் இழுக்காமல் ஓடும்.

இப்போது அந்த அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் பஞ்சாயத்து. இரண்டுமே வெப் சர்வர் புரோகிராம்கள்தான். அப்பாச்சி 1995-இல் வந்தது, என்ஜின்எக்ஸை இகோர் சிசோயேவ் என்ற ரஷ்யர் 2004-இல் வெளியிட்டார். ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் வந்து நின்றால் சர்வர் திணறுகிறதே என்ற கவலையில் பிறந்தது இரண்டாவது. உங்கள் சர்வருக்கு நீங்களும் உங்கள் நண்பர்கள் நாலு பேரும்தான் வரப்போகிறீர்கள், அதனால் எதைப் போட்டாலும் ஒன்றுதான். நான் என்ஜின்எக்ஸ் என்பேன், அமைப்புக் கோப்பு கண்ணுக்குச் சுத்தமாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. காலேஜ் லேப்பில் அப்பாச்சி வைத்திருந்தால் அதையே போடுங்கள், சந்தேகம் கேட்க ஆள் இருப்பது பெரிய வசதி. இரண்டையும் போடுவதுதான் தப்பு. 80-ஆம் போர்ட்டை ஒருவர்தான் பிடிக்க முடியும், பிந்தி வந்தவர் முகவரி ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டு கிளம்பவே மாட்டார். யார் பிடித்து வைத்திருக்கிறார் என்று பார்க்க: சூடோ எஸ்எஸ் -டிஎல்என்பி (இதில் டி, டெஸ்ட்டில் வருகிற டி). சூடோ என்றால் தலைமை அதிகாரத்தோடு இதைச் செய் என்று அர்த்தம்.

நிறுவுவது இரண்டே வரி. முதலில் சூடோ ஆப்ட் அப்டேட். அப்புறம் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்ஜின்எக்ஸ் (ஆங்கிலத்தில் என், ஜி, ஐ, என், எக்ஸ் என்று ஐந்தே எழுத்து, நடுவில் இ கிடையாது). டெபியனிலும் உபுண்டுவிலும் நிறுவி முடித்த கையோடு சர்வர் தானே ஓட ஆரம்பித்துவிடும், அடுத்த முறை மெஷினைப் போட்டாலும் தானே எழுந்துகொள்ளும். அதே லேப்டாப்பில் பிரவுசர் திறந்து லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் வரவேற்புப் பக்கம் வரும். டெஸ்க்டாப் போடாதவர்கள் கர்ல் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்துப் பார்க்கலாம் (கர்ல் இல்லை என்று வந்தால் முதலில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கர்ல்).

உங்கள் சொந்தப் பக்கம் வைக்க வேண்டிய இடம் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ஹெச்டிஎம்எல் என்ற ஃபோல்டர். அதில் இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்தால் வரவேற்புப் பக்கத்துக்குப் பதில் அது வரும். அந்த ஃபோல்டர் ரூட் என்ற தலைமைக் கணக்குக்குச் சொந்தம், அதனால் சூடோ இல்லாமல் சேமிக்க விடாது. ஒவ்வொரு முறையும் சூடோ போடச் சலிப்பாக இருந்தால் சிஹெச்ஓன் கட்டளையால் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். ஹோஸ்ட்நேம் -ஐ என்று அடியுங்கள். இதில் ஐ மட்டும் பெரிய எழுத்து, முதலில் சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு. 192.168.1.35 மாதிரி ஓர் எண் வரும், அதுதான் வீட்டு வைஃபைக்குள் உங்கள் லேப்டாப்பின் முகவரி. இப்போது சூடோ டெயில் -எஃப் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/ஆக்சஸ்.லாக் என்று அடித்துத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்காருங்கள், ஒன்றும் நடக்காது. அம்மாவின் போனை வாங்கி, அது அதே வைஃபையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரவுசரில் அந்த எண்ணை அடியுங்கள். போனில் பக்கம் திறக்கிற அதே நொடியில் லேப்டாப் திரையில் ஒரு வரி விழும். போனின் முகவரி, நேரம், கெட் என்ற சொல், கேட்ட கோப்பு, 200 என்ற எண், எத்தனை பைட் போனது, கடைசியில் அது எந்தப் பிரவுசர் என்ற விவரம். 200 என்றால் கேட்டது கிடைத்தது. கூடவே ஃபேவ்ஐகான் என்று ஒன்றைக் கேட்டு 404 வாங்கிய வரியும் வரலாம். பயப்பட வேண்டாம், டேபின் மூலையில் போடுவதற்குச் சின்ன படம் இருக்கிறதா என்று பிரவுசர் தானாகக் கேட்கிற கேள்வி அது. மறுபடி ரிஃப்ரெஷ் செய்தால் 304 வரும். கோப்பு மாறவில்லை, உன்னிடம் இருப்பதையே காட்டிக்கொள் என்று அர்த்தம். இந்த லாக்கை அரைமணி நேரம் பார்த்தால் புரிகிற அளவுக்கு எந்த வீடியோவிலும் புரியாது. இனிமேல் என்ன சிக்கல் வந்தாலும் கூகுளுக்குப் போவதற்கு முன் இந்த ஃபோல்டருக்குப் போங்கள், பக்கத்திலேயே எர்ரர்.லாக் என்று இன்னொன்றும் இருக்கும்.

அமைப்புக் கோப்பில் கை வைத்தால் மட்டும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: சேமித்தவுடன் சூடோ என்ஜின்எக்ஸ் -டி (டெஸ்ட்டில் வருகிற டி). எங்கேயாவது அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் எந்தக் கோப்பில் எந்த வரி என்று சொல்லிவிடும். சரி என்று வந்தபிறகு சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் என்ஜின்எக்ஸ்.

*

விண்டோஸை அழிக்காமல், எதையும் நிறுவாமல் சும்மா ஒரு தடவை பார்க்க வழி இருக்கிறதா? (ஆத்தூர்)

இருக்கிறது. லினக்ஸை பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அதில் பைத்தான் என்ற புரோகிராம் மொழி இருக்கும், கோப்பு இருக்கிற ஃபோல்டருக்குள் போய் பைத்தான்3 -எம் ஹெச்டிடிபி.சர்வர் 8000 என்று அடித்தால் அந்த ஃபோல்டர் அப்படியே வெப் சர்வர் ஆகிவிடும். கன்ட்ரோல் சி அழுத்தினால் நின்றுவிடும். 80-க்குப் பதில் ஏன் 8000 என்றால், 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டை லினக்ஸில் சாதாரண ஆள் திறக்க முடியாது, ரூட் வேண்டும். பார்த்துப் பழக இது போதும், இதை நம்பி நிரந்தரமாக எதையும் ஓட்டாதீர்கள்.

*

வணக்கம் சார். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் சின்னதாக ஹோம்ஸ்டே நடத்துகிறோம். சாப்பாட்டு மெனு, பக்கத்தில் பார்க்க வேண்டிய இடம், எந்த நேரம் சுடுதண்ணி வரும், இதையெல்லாம் வருகிறவர்கள் போனிலேயே பார்க்கிற மாதிரி செய்ய ஆசை. ஆனால் மழைக் காற்று என்றால் இன்டர்நெட் போய்விடும், கரண்டும் போகும். இந்த நிலைமையில் வெப் சர்வர் எல்லாம் சரிப்படுமா?

உங்களுக்குத்தான் அம்மா நன்றாகச் சரிப்படும். நிறையப் பேர் வைஃபையும் இன்டர்நெட்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ரூட்டருக்குக் கரண்டு இருக்கிறவரை வைஃபை இருக்கும். வெளியே போகிற லைன் அறுந்து கிடந்தாலும், அறையில் இருக்கிறவர் போனும் ஆபீஸ் அறையில் இருக்கிற உங்கள் சர்வரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். மெனு மலைக்குக் கீழே இறங்கி எங்கேயோ போய்த் திரும்ப வேண்டியதில்லை.

மேலே தம்பிக்குச் சொன்ன மாதிரியே ஒரு பழைய லேப்டாப்பில் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் என்பதால் பேட்டரி கூடவே இருக்கிறது, தனியாக யுபிஎஸ் தேவையில்லை. ஆனால் மூடியை மூடினால் தூங்கிவிடும், அதை நிறுத்த /இடிசி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப் என்ற கோப்பைத் திறந்து, ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்று இருக்கிற வரியின் முன்னால் உள்ள குறியை எடுத்துவிட்டு, சமன் குறிக்குப் பிறகு இக்னோர் என்று எழுதி மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இந்தக் கோப்பில் இருக்கிற பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலந்து வரும், இருக்கிற மாதிரியே விட்டுவிடுங்கள். ரூட்டருக்குத்தான் பேட்டரி கிடையாது. பெரும்பாலான வீட்டு ரூட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை, அதற்கென்றே கையளவு மினி யுபிஎஸ் சேலம் கடைகளில் கிடைக்கிறது, அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

சர்வரை யாரும் அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஆதி காலத்துப் பிரச்சினை. உலகின் முதல் வெப் சர்வரை டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் ஜெனீவா பக்கத்தில் இருக்கிற செர்ன் ஆய்வகத்தில் ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் ஓட்டினார், அதன் மேல் இது சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதிய ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நீங்களும் ஒன்று ஒட்டிவையுங்கள். பெருக்க வருகிறவர் போனுக்குச் சார்ஜ் போட அந்தப் பிளக்கைத்தான் பிடுங்குவார்.

இனி போன் பக்கத்துச் சங்கடங்கள், இவற்றை யாரும் சொல்லமாட்டார்கள். முதலாவது, ரூட்டர் நினைத்தால் லேப்டாப்பின் முகவரியை மாற்றிவிடும். ரூட்டர் அமைப்பில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்று ஒன்று இருக்கும், அதில் லேப்டாப்புக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு, அந்த முகவரியை க்யூஆர் குறியாக அச்சடித்து அறையில் மாட்டுங்கள். அடுத்து, விருந்தினருக்கென்று கெஸ்ட் வைஃபை தனியாகக் கொடுத்திருந்தால் அதிலிருந்து உள்ளே இருக்கிற மெஷின்களைப் பார்க்க முடியாதபடி ரூட்டர் தடுத்திருக்கும். அது நல்ல தடைதான், அவர்களுக்கு உங்கள் பிரிண்டரும் கேமராவும் எதற்கு. சர்வர் லேப்டாப்பில் வேறு சொந்த விஷயம் எதுவும் இல்லையென்றால், கெஸ்ட் பக்கத்துக்கும் அது தெரிகிற மாதிரி ரூட்டரில் அனுமதி கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எல்லா ரூட்டரிலும் அந்த வசதி இருக்காது, இல்லையென்றால் விருந்தினருக்கு இன்னொரு ரூட்டரை வைத்து லேப்டாப்பை அதில் சேர்த்துவிடுவது சுலபம்.

கடைசியாக, நெட் இல்லாத வைஃபையைக் கண்டால் ஆண்ட்ராய்டு போன் புத்திசாலித்தனமாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், அங்கே போய் 192.168 என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை, இருந்தாலும் தொடரவா என்று கேட்கும்போது ஆம் சொல்ல வேண்டும் என்று க்யூஆர் குறிக்குக் கீழேயே ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்.

சித்திரை, வைகாசியில் மலையில் இடி வரும் போல இருந்தால், இடி தொடங்குவதற்கு முன்பே, வெளியே இருந்து வருகிற காப்பர் வயர் எதுவானாலும் ரூட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். கண்டக்டர் மாதிரி அதுதான் மின்னலை வீட்டுக்குள் ஏற்றிவிடும்.

*

இளம்பிள்ளையில் சேலை வியாபாரம். என் பையன் கடைக்கு ஒரு பக்கம் செய்து வீட்டு சர்வரில் போட்டுவிட்டான். வீட்டுக்குள் எல்லா போனிலும் ஜோராகத் திறக்கிறது. ஈரோட்டில் இருக்கிற மொத்த வியாபாரி திறந்தால் வரவே இல்லை. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிடுவது) கூடச் செய்தாகிவிட்டது என்கிறான்.

பையன் மேல் தப்பு இருக்காது அண்ணா. முதலில் ஒரு சோதனை. ரூட்டர் அமைப்புப் பக்கத்தில் வேன் ஐபி (ரூட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று ஓர் எண் இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அதே வைஃபையில் இருந்துகொண்டு, என் ஐபி என்ன என்று காட்டுகிற இணையதளம் ஏதாவது ஒன்றைத் திறந்து அது சொல்கிற எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை ரூட்டரிலோ ஃபயர்வாலிலோ (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற காவல் புரோகிராம்) இருக்கிறது, சரிசெய்யலாம். இரண்டும் வேறாக இருந்தால், முக்கியமாக ரூட்டரில் இருக்கிற எண் 100.64-இலிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால், உங்கள் ரூட்டருக்கு மேலே கம்பெனிக்காரர் இன்னொரு பெரிய ரூட்டர் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரே வெளி முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார். இதற்கு சிஜிநேட் என்று பெயர். ஈரோட்டுக்காரர் கேட்கிற கேள்வி அந்தப் பெரிய ரூட்டர்வரை வரும், எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் உங்கள் ரூட்டரில் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் ஆகாது.

இது யாரும் வேண்டுமென்றே செய்த வேலை இல்லை. பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான், உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. இருப்பதை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

வழிகள் என்னென்ன என்றால், நிலையான பொது ஐபி வேண்டும் என்று உங்கள் கம்பெனியிடம் கேட்கலாம், மாதாமாதம் கூடுதல் கட்டணம் இருக்கும், சில கம்பெனிகள் வீட்டு இணைப்புக்குக் கொடுப்பதில்லை. புதிய வகை முகவரியான ஐபிவி6 இருந்தால் அதன் வழியாகத் திறக்கலாம், பார்க்கிறவரிடமும் ஐபிவி6 இருந்தால்தான் ஆகும். க்ளவுட்ஃபிளேர் டனல் மாதிரி ஒன்றை வைத்தால், உங்கள் லேப்டாப்பே வெளியே ஒரு லைன் போட்டுப் பிடித்துக்கொள்ளும், வருகிறவர்கள் அந்த லைன் வழியாக உள்ளே வருவார்கள், சிஜிநேட் தடுக்காது, ஆனால் சொந்தமாக ஒரு டொமைன் பெயர் (எண்ணுக்குப் பதில் அடிக்கிற இணையதளப் பெயர்) வேண்டும்.

ஆனால் என் அபிப்ராயத்தைக் கேட்டால், வியாபாரப் பக்கத்தை வீட்டில் வைக்காதீர்கள். ஆடிக்கும் தீபாவளிக்கும் ஆர்டர் வருகிற நேரத்தில் வீட்டில் கரண்டு போனால் கடை மூடிய மாதிரிதான். மாதம் சில நூறு ரூபாய்க்கு விபிஎஸ் என்று வாடகை சர்வர் கிடைக்கிறது, அதில் இருப்பதும் இதே டெபியன், இதே என்ஜின்எக்ஸ், பையன் வீட்டில் கற்றுக்கொண்ட கட்டளை ஒன்றுகூட வீணாகாது. சேலைப் படமும் விலையும் காட்டுகிற பக்கம் மட்டும் என்றால் இலவசமாகவே வைத்துக்கொடுக்கிற சேவைகள் இருக்கின்றன. வீட்டு சர்வரைப் பையன் பழகுவதற்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பொது ஐபி வாங்கிய பிறகும், வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே அந்த வெளி முகவரியை அடித்துப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளிருந்து கிளம்பி வாசல்வரை போய் அதே வாசலில் உள்ளே திரும்புவதற்குப் பெயர் ஹேர்பின் நேட், ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சில ரூட்டர்களுக்கு அந்தத் திருப்பம் வராது. போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

*

403 ஃபார்பிடன் என்று வருகிறது. எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிடு, சரியாகிவிடும் என்கிறான் நண்பன். கொடுக்கலாமா? (ஓமலூர்)

கொடுக்காதீர்கள். 403 என்றால் கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்று அர்த்தம். 777 என்றால் அந்த மெஷினில் இருக்கிற எந்த ஆளும், எந்த புரோகிராமும் அந்தக் கோப்பைத் திருத்தலாம் என்று எழுதிக் கொடுப்பது. வெப் சர்வர் டெபியனில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பெயரில் ஓடுகிறது, அந்த ஆளுக்குப் படிக்கிற உரிமை இருந்தால் போதும். கோப்புக்கு 644 (நீங்கள் திருத்தலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்), ஃபோல்டருக்கு 755 (நீங்கள் மாற்றலாம், மற்றவர்கள் நுழைந்து பார்க்க மட்டும்).

உங்கள் கோப்பு ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் ஒரு சூட்சுமம் உண்டு: கோப்புக்கு உரிமை இருந்தாலும், அதற்குப் போகிற வழியில் இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைகிற உரிமை வேண்டும். உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டரை மற்றவர்கள் நுழைய முடியாதபடி பூட்டித்தான் தருகிறார்கள். ஹோமைத் திறந்துவிடுவதைவிட, பக்கத்தைத் தூக்கி /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ-வுக்குள் வைத்துவிடுங்கள். நேம்ஐ -எல் என்று அடித்துக் கோப்பின் முழுப் பாதையையும் கொடுத்தால் எந்தப் படியில் தடுக்கிறது என்று வரிசையாகக் காட்டும்.

*

பக்கம் வருகிறது, ஆனால் தமிழ் எழுத்தெல்லாம் குப்பையாக வருகிறது. ஆங்கில ஏ எழுத்தின் தலையில் ஒரு கோடு, வட்டத்துக்குள் ஆர், திரும்பத் திரும்ப இதே. ஃபான்ட் போட வேண்டுமா? (சீலநாயக்கன்பட்டி)

ஃபான்ட் பிரச்சினை இல்லை. கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சரியாகத்தான் இருக்கிறது, பிரவுசர்தான் அதை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துப் படிக்கிறது. யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்தும் குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதும் பெரும்பாலும் ஒன்றே, அதனால்தான் நீங்கள் சொல்கிற அந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்தின் ஹெட் பகுதியில் முதல் வேலையாக மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 என்ற டேகைப் போடுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அடியாக வேண்டுமென்றால் என்ஜின்எக்ஸ் அமைப்பில் சர்வர் அடைப்புக்குள் சார்செட் யூடிஎஃப்-8; என்று ஒரு வரி, கடைசியில் அரைப்புள்ளியோடு. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்து வைத்த பத்திரமாக இருந்தால் கதை வேறு, அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

*

விண்டோஸில் தெரிந்த போட்டோ சர்வரில் ஏற்றியதும் தெரியவில்லையே? (மேட்டூர்)

கோப்பின் பெயரில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருக்கும், பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு வேறு கோப்பு. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, நடுவில் இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள்.

*

பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு வரவைக்க எவ்வளவு செலவாகும்? (அஸ்தம்பட்டி)

பூட்டுக்குக் காசில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 கடைசியிலிருந்து ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழை இலவசமாகக் கொடுக்கிறது, செர்ட்பாட் என்ற புரோகிராம் அதை வாங்கி என்ஜின்எக்ஸில் பொருத்தியும் கொடுத்துவிடும். டொமைன் பெயருக்குத்தான் வருடக் கட்டணம். சான்றிதழ் 90 நாளைக்குத்தான், அதையும் வருகிற வருடங்களில் குறைக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். செர்ட்பாட் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் உங்களுக்கு வேலையில்லை, ஆனால் சோதனைக்கு வருகிற வழி என்பதால் 80-ஆம் போர்ட்டை மூடிவிடாதீர்கள். வீட்டுக்குள் இருக்கிற 192.168 முகவரிக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கமாட்டார்கள்.

*

சார், விபிஎஸ் வாங்கி சர்வர் போட்டேன். முகவரியை இன்னும் யாருக்குமே சொல்லவில்லை. அதற்குள் லாக்கில் எங்கெங்கிருந்தோ வந்து டபிள்யூபி-லாகின், பிஹெச்பிமைஅட்மின், புள்ளி இஎன்வி என்று என்னென்னவோ கேட்கிறார்கள். என்னிடம் வேர்ட்பிரஸே (இணையதளம் நடத்துகிற ஒரு புரோகிராம்) கிடையாது. யாரோ என்னைக் குறிவைக்கிறார்களா? (ஜங்ஷன்)

உங்களைத் தனியாக யாரும் குறிவைக்கவில்லை. இருக்கிற எல்லா ஐபி முகவரியையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கிற ரோபோக்கள் அவை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்த ஜீமேப் என்ற கருவியால் மொத்த ஐபிவி4 உலகத்தையும் 45 நிமிடத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிட முடிந்தது, அதுவும் ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து. ரகசியமாக வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

லாக்கில் அந்த வரிகளுக்கு எதிரே 404 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 404 என்றால் கேட்டான், இல்லை என்றோம், போய்விட்டான். 200 என்று இருந்தால்தான் கவனிக்க வேண்டும். புள்ளி இஎன்வி கோப்பில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுதிவைக்கிற பழக்கம் புரோகிராமர்களுக்கு உண்டு, அதை மறந்துபோய் வெப் ஃபோல்டருக்குள் விட்டவர்களைத் தேடித்தான் வருகிறார்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது 22-ஆம் போர்ட், அதாவது தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைந்து கட்டளை அடிக்கிற எஸ்எஸ்ஹெச். அங்கே ரூட் என்ற பெயரில் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையால் ஒரு சாவி ஜோடி செய்து, பொதுச் சாவியை சர்வரில் ஏற்றி, சாவி போட்டு நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்திவிடுங்கள். நிறுத்தும்போது திறந்திருக்கிற ஜன்னலை மூடாதீர்கள், இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்து உறுதியான பிறகு மூடுங்கள். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைப் போடும்போதும் இதே கதைதான்: முதலில் சூடோ யூஎஃப்டபிள்யூ அலவ் 22, பிறகு 80, 443, அதற்கப்புறம்தான் சூடோ யூஎஃப்டபிள்யூ எனேபிள். வரிசை மாறினால் உங்கள் சர்வரே உங்களை உள்ளே விடாது, வாடகைக்குக் கொடுத்தவரின் இணையதளத்தில் கன்சோல் என்ற பொத்தானைத் தேடிப் போய்த்தான் திறக்க வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு அப்டேட் தானாக ஏற அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பொதியை நிறுவிவிடுங்கள். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் வந்தால் மட்டும் ரீபூட் செய்தால்தான் அமலுக்கு வரும், அதை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.